அரக்கோணம் போன சிக்ஸர்

போன ஞாயிற்றுக்கிழமை திருமுல்லைவாயலில் ஒரு நிச்சயதார்த்தம். பிரியாணி பிரமாதம். கேக் அதைவிடப் பிரமாதம். நான் இரண்டையும் ஒரு கை பார்த்தேன் என்பது செய்தி இல்லை. அந்த நிச்சயதார்த்தத்தையே நிறுத்தப் பார்த்த ஆசாமி நான்தான் என்பதுதான் செய்தி.

பதற வேண்டாம். பையனைப் பற்றியோ பெண்ணைப் பற்றியோ நான் மொட்டைக் கடுதாசி எதுவும் போடவில்லை. ஒரு வரலாற்றுப் புத்தகம் எழுதிக்கொண்டிருக்கிறேன். அவ்வளவுதான் நான் செய்த குற்றம்.

கொரட்டூரில் தொடங்கி அம்பத்தூர், அண்ணனூர், ஆவடி, பூந்தமல்லி என்று நம் மேற்குப் பக்கத்து ஊர்களின் கதை. ராஜாக்கள் கதை இல்லை. ஏரி, ரயில், தொழிற்பேட்டை, டீக்கடை, டென்ட் கொட்டகை... இப்படி. எனக்குச் சொந்த ஊர் அருப்புக்கோட்டை. வேலைக்காக வந்தவன், கொரட்டூரில் ஒரு ஃபிளாட் வாங்கி உட்கார்ந்துவிட்டேன். பால்கனியில் நின்று உடம்பைக் கொஞ்சம் வெளியே தள்ளி எட்டிப் பார்த்தால் ஏரி ஒரு கீற்று தெரியும். அந்தக் கீற்று கொடுத்த தைரியத்தில்தான் புத்தகத்தை ஆரம்பித்தேன்.

என் மனைவிக்கு ஆரம்பத்திலிருந்தே இதில் நம்பிக்கை இல்லை.

“நம்ம அபார்ட்மென்ட் மீட்டிங்ல போன மாசம் என்ன பேசினாங்கன்னே உங்களால சரியா சொல்ல முடியல. நீங்க நூறு வருஷக் கதை எழுதப் போறீங்களா?”

நியாயமான கேள்வி. நியாயமான கேள்விகளுக்கு நான் வழக்கமாகச் செய்வதைச் செய்தேன். காபி கேட்டேன்.

பதிப்பாளர் இளைஞர். சுறுசுறுப்பானவர். முதல் மூன்று அத்தியாயங்களைக் கொடுத்ததும், வாசித்தாரோ இல்லையோ, என் போனை வாங்கிப் பார்த்தார்.

“சார், புக் எழுதறது பாதி வேலை. மீதிப் பாதி, மக்களோட கனெக்ட்ல இருக்கறது. ஒரு வாட்ஸ்அப் குரூப் ஆரம்பிங்க. ஒரு ஃபேஸ்புக் பேஜ் ஆரம்பிங்க. வாராவாரம் புக்ல இருந்து ஒரு துண்டு போடுங்க. அப்பதான் புக் வரும்போது வாங்குவாங்க.”

ஆரம்பித்தேன். குரூப்புக்கு ‘நம்ம பக்கத்து வரலாறு’ என்று பெயர் வைத்தேன். ஜனங்கள் சேர்ந்தார்கள். சேர்ந்துகொண்டே இருந்தார்கள். ஆனால் வரலாறுதான் வரவில்லை.

“அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு முதன்முதலில் பஸ் விட்டது யாருக்காவது நினைவிருக்கிறதா?” என்று கேட்பேன். கீழே ரோஜாப்பூ வரும். அதற்குக் கீழே குழந்தை ஏசுவோ பிள்ளையாரோ குட் மார்னிங் சொல்வார். அதற்கும் கீழே, “சார், தண்ணி கேன் போடறவர் நம்பர் இருந்தா ஷேர் பண்ணுங்க.” இதற்கு மட்டும் உடனே எட்டுப் பேர் பதில் போடுவார்கள். நம்பரோடு.

இந்தச் சமயத்தில்தான் அந்தோணி அண்ணன் எனக்குக் கிடைத்தார்.

அண்ணனூர்க்காரர். ரயில் பெட்டிகள் வந்து தங்கும் ஷெட்டில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். தடித்த கண்ணாடி, அதைவிடத் தடித்த குரல். குரூப்பில் என் கேள்வியைக் கேள்வியாக மதித்துப் பதில் சொன்ன முதல் மனிதர் என்பதால், நேரில் போய்ப் பார்த்தேன். அவர்தான் அந்தக் கதையைச் சொன்னார்.

அப்போது அண்ணனூரில் தண்டவாளத்தை ஒட்டி ஒரு மைதானம் இருந்ததாம். எண்பதுகளில் ஒரு டென்னிஸ் பால் போட்டி. அண்ணனூருக்கும் ஆவடிக்கும் ஃபைனல். கடைசிப் பந்து. ஆவடி பவுலர் ஓடி வருகிறான். அதே நேரம் பக்கத்தில் அரக்கோணம் லோக்கலும் ஓடி வருகிறது.

“அட்ச்சது பாரு சார் ஒரு அடி! பால் மேல போச்சு... போச்சு... போய்க்கினே கீது. அப்பால எறங்கி, நேரா டிரெயின் கதவுக்குள்ள பூந்துச்சு. டிரெயின் நிக்குமா? அது பாட்டுக்குப் போய்க்கினே கீது. இன்னிக்கு வரைக்கும் அந்தப் பால் திரும்பி வர்ல!”

எனக்குப் புல்லரித்தது. யோசித்துப் பாருங்கள்... மைதானத்தைத் தாண்டும் சிக்ஸர் உண்டு. ரோட்டில் விழும் சிக்ஸர் உண்டு. மாவட்டம் தாண்டிப் போன சிக்ஸரைக் கேள்விப்பட்டதுண்டா? அரக்கோணம் வரை போன சிக்ஸர், ஐயா!

எந்த வரலாற்று ஆசிரியனாவது இதை விடுவானா?

அந்த வார ஞாயிறன்றே குரூப்பிலும் ஃபேஸ்புக்கிலும் போட்டேன். “உலகின் மிக நீளமான சிக்ஸரை அடித்தவர், நம் அண்ணனூர் அந்தோணி!” என்று தலைப்பு. ரோஜாப்பூக்கள் நின்றன. கைதட்டல்கள் வந்தன. நெருப்புப் படங்கள் வந்தன. பதிப்பாளர் கட்டைவிரலை உயர்த்தினார்.

குளித்துவிட்டு வருவதற்குள் ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்திருந்தது.

“ரைட்டர் சார், நான் ஞானப்பிரகாசம் பேசறேன், கொரட்டூர்ல இருந்து. உன் போஸ்ட்டு பாத்தேன். அந்தோணி அட்ச்சான்னு எவன் சொன்னான்? அந்தோணியா? அவன் எதிர் முனையில நின்னு கை தட்டிக்கினு இருந்தான் சார். அட்ச்சது நானு!”

ஞானப்பிரகாசம் யார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அந்தோணியின் பால்யகால நண்பர். இருவரும் அண்ணனூரில் ஒரே தெரு. ஒரே பள்ளிக்கூடம். ஒரே சர்ச்சில் ஒரே கோயர். கல்யாணத்துக்குப் பிறகுதான் ஞானப்பிரகாசம் கொரட்டூரில் வீடு கட்டிக்கொண்டு வந்தார். அதன் பிறகும் வாரம் தவறாமல் அதே சர்ச்சில் சந்திப்பு. போதாததற்கு அந்தோணியின் மகன் ஜெரோமும் ஞானப்பிரகாசத்தின் மகள் ஷெரினும் காதலிப்பதாக வந்து நின்றபோது, இரண்டு அப்பன்களும் பிள்ளைகளைத் திட்டவில்லை, ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு, “மச்சான், இனிமே சம்பந்திடா!” என்று குதித்தார்களாம். நிச்சயதார்த்தத்துக்கு நாளும் குறித்தாகிவிட்டது.

இவ்வளவு விவரமும் எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் தண்ணி கேன் நம்பரோடு நிறுத்தியிருப்பேன்.

விவகாரம் இதுதான். கடைசிப் பந்துக்கு முந்தைய பந்தை ஆடியவர் ஞானப்பிரகாசம். அதில் இருவருக்கும் சந்தேகமே இல்லை. அந்தப் பந்தில் ஒரு ரன் ஓடினார்கள் என்பது அந்தோணி கட்சி. ஒரு ரன் என்றால் முனை மாறும். கடைசிப் பந்தை ஆடியது அந்தோணி. இரண்டு ரன் ஓடினார்கள் என்பது ஞானப்பிரகாசம் கட்சி. இரண்டு என்றால் அவரே திரும்பவும் ஆடியிருப்பார்.

ஆக, ஒன்றா, இரண்டா? நாற்பது வருடத்துக்குப் பிறகு இதை யாரிடம் போய்க் கேட்பது?

குரூப்பிடம் கேட்டேன். இந்த உலகத்தில் ஒரு மனிதன் செய்யக்கூடாத காரியங்களில் இது முக்கியமானது.

குரூப் இரண்டாகப் பிளந்தது. ஆவடியில் ஃபிளாட் வாங்கிக் குடியேறிய ஐ.டி. தம்பி ஒருவர், “சண்டை வேண்டாம், ஜனநாயக முறையில் முடிவு செய்யலாம்” என்று வாக்கெடுப்பு வைத்தார். அந்தோணியா, ஞானப்பிரகாசமா, யார் அடிச்சா என்ன என்று மூன்று பதில்கள். ஓட்டுப் போட்டவர்களில் பாதிப் பேர் அந்த மேட்ச் நடந்தபோது பிறக்கவில்லை. மீதிப் பேர் பிறந்திருந்தார்கள், ஆனால் தென்காசியில். கடைசியில் ‘யார் அடிச்சா என்ன’ அமோக வெற்றி பெற்றது. தோற்ற இருவரும் வாக்குப்பதிவில் முறைகேடு என்று வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார்கள்.

அடுத்த நாள் யாரோ ஒரு புண்ணியவான் ஏ.ஐ.யில் படம் செய்து போட்டார். அந்தோணி மட்டையைச் சுழற்றுகிறார், பின்னால் ரயில். பார்க்க ஜோராகத்தான் இருந்தது. என்ன... அந்தோணியின் வலது கையில் ஆறு விரல். ரயிலோ புல்லட் ரயில். எண்பதுகளின் அண்ணனூரில்! ஞானப்பிரகாசம் சும்மா இருப்பாரா? சாயந்திரத்துக்குள் அவர் படமும் வந்தது. அதில் அவர் மட்டையை வீணைபோல மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

இரண்டு நாளில் அந்த இரண்டு படங்களும் ஊரெல்லாம் சுற்றி, எங்கள் அபார்ட்மென்ட் செக்ரட்டரி வழியாக எனக்கே திரும்பி வந்தன. கூடவே ஒரு குறிப்பு: “அரிய பழைய புகைப்படங்கள். உங்கள் புத்தகத்துக்கு உதவும் சார்.”

எனக்கு ஒன்று உறைத்தது. பழைய ராஜாக்களைப் பற்றி எழுதுகிறவர்கள் எவ்வளவு கொடுத்துவைத்தவர்கள்! ஜெயித்ததாகக் கல்லில் வெட்டிவைத்துவிட்டுப் போயிருக்கிறார் ஒரு ராஜா. தோற்ற ராஜா எழுந்து வந்து வாய்ஸ் மெசேஜ் போடப் போவதில்லை. நான் எழுதும் வரலாற்றில் எல்லோரும் உயிரோடு இருக்கிறார்கள். எல்லோரிடமும் டேட்டா இருக்கிறது.

பதிப்பாளருக்குத் தலைகால் புரியவில்லை.

“சார், பின்னிட்டீங்க! இந்தப் போஸ்ட்டுக்கு எங்கேஜ்மென்ட் அள்ளுது சார்!”

“தம்பி, அங்க எங்கேஜ்மென்ட் நிக்கப் போகுது.”

“இல்ல சார், ஏறிக்கிட்டேதான் இருக்கு. நான் பாத்துட்டுதான் பேசறேன்.”

அவருக்கு எப்படிப் புரியவைப்பது? நான் விஷயத்தைத் தெரிந்துகொண்டதே, அன்று காலை ஜெரோமும் ஷெரினும் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றபோதுதான்.

இருவரும் அம்பத்தூரில் ஒரே ஐ.டி. கம்பெனி. நல்ல பிள்ளைகள். கோபத்தைக்கூட மரியாதையாகக் காட்டினார்கள்.

“அங்கிள், நாங்க உங்களுக்கு என்ன பாவம் பண்ணோம்?” என்றாள் ஷெரின்.

சோபாவில் உட்காரவைத்தேன். ஜெரோம் விவரம் சொன்னான். அந்தோணி வீட்டில் அறிவித்துவிட்டாராம்: ‘சிக்ஸு யார் அட்ச்சதுன்னு முடிவாகாம கேக்கு வெட்டக்கூடாது.’ ஞானப்பிரகாசமோ ஒரு படி மேலே. மண்டபத்துக்குப் போன் போட்டு, தேதியை வேறு யாருக்காவது கொடுக்க முடியுமா என்று விசாரித்துவிட்டாராம். சர்ச்சில் இருவரும் ஒரே பெஞ்சில் உட்காருவதை விட்டுவிட்டார்கள். கோயரில் ஒருவர் பாட ஆரம்பித்தால் மற்றவர் வாயை மூடிக்கொள்கிறாராம்.

“அப்பா என்னைக் கேக்கறாரு அங்கிள், ‘உன் மாமனார் ஒரு ரன் ஓடினாரா, ரெண்டு ரன் ஓடினாரா, நீயே சொல்லு’ன்னு. நான் எப்படிச் சொல்றது? எனக்கு இருபத்தேழு வயசு!”

ஷெரின் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “சின்ன வயசுல இருந்து இந்தக் கதையைக் கேட்டுட்டு இருக்கேன் அங்கிள். அப்பா எப்பவும் ‘நாங்க ஒரு சிக்ஸ் அடிச்சோம் பாரு’ன்னுதான் சொல்வாரு. ஜெரோம் வீட்டுலயும் அதேதான். ‘நான்’னு ரெண்டு பேருமே சொன்னதில்ல. நீங்கதான் வந்து ஒரு பேரை எழுதினீங்க.”

எனக்கு முகத்தில் அறைந்தது போல இருந்தது. அந்தோணி என்னிடம் கதை சொன்ன அன்று, “அடிச்சது நீங்களாண்ணே?” என்று கேட்டது நான்தான். அவர் ஒரு விநாடி யோசித்துவிட்டு, “ஆமா... நான்தான்” என்றார். அந்த ஒரு விநாடியை நான் கவனித்திருக்க வேண்டும்.

“அங்கிள், அது சிக்ஸே இல்ல, பவுண்டரின்னு எழுதிடுங்களேன்” என்றான் ஜெரோம்.

“அது எப்படிப்பா... வரலாறு இல்லையா?”

“வரலாறா!” என் மனைவி காபியோடு வந்தாள். “ரெண்டு சின்னஞ்சிறுசுங்க கல்யாணம் நின்னா, அதுவும் வரலாறுதான். அதையும் குரூப்ல போடுங்க. நூறு பேர் அழற பொம்மை போடுவாங்க.”

டம்ளரை என் முன்னால் வைத்த சத்தத்திலேயே தெரிந்தது, நான் எதையாவது செய்தாக வேண்டும் என்று.

செய்தேன். மேட்ச்சைப் பார்த்த மூன்றாவது ஆள் ஒருவன் இருக்கிறானே... அந்தப் பந்தைப் போட்டவன்! அவனுக்குத் தெரியாமல் இருக்குமா, தன்னை அடித்தது யார் என்று? அடித்தவன் மறப்பான், அடி வாங்கியவன் மறப்பானா?

அந்தோணியிடம் கேட்டேன். பெயர் பாபு என்றார். இடது கை. பந்து வேகமாக வருவதால் புல்லட் பாபு. ஞானப்பிரகாசத்திடம் தனியாகக் கேட்டேன். அதே பெயர். இரண்டு பேரும் ஒத்துப்போன ஒரே விஷயம்.

குரூப்பில் போட்டேன். ஃபேஸ்புக்கிலும் போட்டேன். “எண்பதுகளில் ஆவடி அணிக்காகப் பந்து வீசிய புல்லட் பாபுவைத் தெரிந்தவர்கள் உடனே தொடர்புகொள்ளவும்.”

பாபுக்கள் வரத் தொடங்கினார்கள். தமிழ்நாட்டில் இவ்வளவு பாபுக்கள் இருப்பது எனக்குத் தெரியாது. “சார், நான் பாபு. ஆனா ரைட் ஹேண்ட். பரவாயில்லையா?” என்றார் ஒருவர். இன்னொருவர் புல்லட் மெக்கானிக். வண்டியில் என்ன பிரச்சினை என்று கேட்டார். ஒரு பெண்மணி, “எங்க வீட்டுக்காரர் பேரும் பாபுதான். அவரைத் தேட வேண்டாம். சோபாவுலதான் படுத்திருக்காரு” என்று எழுதியிருந்தார்.

போஸ்ட் சிங்கப்பூர் போனது. குவைத் போனது. நியூஜெர்சியில் யாரோ பகிர்ந்தார்கள். கடைசியில் துபாயிலிருந்து ஒரு பெண், “இது என் அப்பாதான் என்று நினைக்கிறேன்” என்று நம்பர் அனுப்பினாள்.

ஆவலோடு கூப்பிட்டேன். “சார், எந்த நாட்டுல இருக்கீங்க?”

“நாடா? பூந்தமல்லில கீறேன் நைனா.”

எங்கள் வீட்டிலிருந்து ஒரு ஆட்டோ பிடித்தால் போய்விடலாம். உலகத்தைச் சுற்றி வந்து பக்கத்து ஊர்க்காரரைக் கண்டுபிடித்திருக்கிறேன். இதற்குப் பெயர்தான் கனெக்ட்டில் இருப்பது.

நேரில் வரச் சொன்னேன். மறுத்துவிட்டார். “ரோடு பூரா தோண்டிப் போட்டு வெச்சுகீறாங்க. வந்து சேர்றதுக்குள்ள இடுப்பு உட்டுரும். வீடியோல வரேன்.”

ஒரு சனிக்கிழமை காலை. எங்கள் வீட்டு ஹாலில் விசாரணை.

அந்தோணி முதலில் வந்து சோபாவில் உட்கார்ந்தார். அடுத்து வந்த ஞானப்பிரகாசம் சோபாவைப் பார்த்தார், அதில் யார் இருக்கிறார் என்பதைப் பார்த்தார், டைனிங் டேபிள் நாற்காலியை இழுத்துப் போட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். ஜெரோமும் ஷெரினும் சமையலறை வாசலில் நின்றார்கள். என் மனைவி லேப்டாப்பை டீப்பாயில் வைத்தாள்.

திரையில் ஒரு ஃபேன் சுற்றியது. பிறகு பாதி நெற்றி. பிறகு ஒரு காது.

“ஹலோ... கேக்குதா?”

“கேக்குது சார். உங்க முகம்தான் தெரியல.”

“மொகம் எதுக்கு? நான் இன்னா பொண்ணு பாக்கவா வந்துகீறேன்?”

அந்தோணி சிரிக்கப் பார்த்து அடக்கிக்கொண்டார். “பாபு, நான் அண்ணனூர் அந்தோணி.”

“அட, சோடாபுட்டி! நல்லா கீறியா?”

“நான் ஞானம்” என்றார் மற்றவர் சுவரைப் பார்த்தபடியே.

“நெட்ட ஞானமா! ரெண்டு பேரும் இன்னும் ஒண்ணாதான் சுத்திக்கினு கீறீங்களா?”

ஒருவர் சுவரையும் ஒருவர் தரையையும் ஆராய்ந்தார்கள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, நீதிபதி மாதிரி விஷயத்துக்கு வந்தேன்.

“பாபு சார், நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. கடைசிப் பந்துக்கு முந்தின பந்துல இவங்க ஓடினது ஒரு ரன்னா, ரெண்டு ரன்னா?”

ஷெரின் கண்ணை மூடிக்கொண்டாள். ஜெரோம் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். இந்தப் பதில் எதுவாக இருந்தாலும் ஒரு அப்பா எழுந்து போய்விடுவார். அது எனக்கு அப்போதுதான் உறைத்தது. கேட்டிருக்கவே கூடாது. லேப்டாப்பை மூடிவிடலாமா என்று கையை நீட்டினேன்.

“ஒண்ணோ ரெண்டோ... அத்த இன்னாத்துக்கு இப்போ கேக்கற?” என்றது காது. “அதான் மேட்ச்சு நாங்க ஜெயிச்சுட்டோமே!”

“இன்னாது?”

இரண்டு அப்பாக்களும் ஒரே குரலில். பல நாட்களுக்குப் பிறகு ஒன்றாகச் சொன்ன முதல் வார்த்தை.

“ஆமாய்யா. டிராக்கத் தாண்டிப் பால் போனா அவுட்டு. டாஸ் போடச்சொல்லவே பேசிக்கினோம்ல? இருந்தது ஒரே பால். அது பூட்ச்சுன்னா எத்த வெச்சு ஆடறது? நீங்க கடைசி ஜோடி. அட்ச்சீங்க, டிரெயின்ல பூட்ச்சு, அவுட்டு. ஆல் அவுட்டு! கப்பு எங்க ஊட்லதான் கீது. இரு, காட்றேன்.”

திரையில் பூந்தமல்லி வீடு ஒன்று ஆடி ஆடி நகர்ந்தது. ஒரு ஃபிரிட்ஜ். ஒரு காலண்டர். “இன்னாங்க, நைட்டியோட நிக்கச்சொல்ல வீடியோ எடுத்துக்கினு!” என்று ஒரு அலறல். கடைசியில் ஷோகேஸ். அதற்குள் கறுத்துப்போன ஒரு கோப்பை. அதில் இரண்டு சீப்பும் ஒரு கத்தரிக்கோலும். முன்பக்கம் ‘வின்னர்’ என்ற எழுத்து தெளிவாகவே தெரிந்தது.

என் மனைவி என் காதருகே குனிந்தாள். “வரலாறு எழுதறீங்களே... மேட்ச்ல ஜெயிச்சது யாருன்னு கேக்கவே இல்லையா?”

இல்லை. அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை.

ஞானப்பிரகாசம் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். சுவரை விட்டுவிட்டுத் திரையைப் பார்த்தார்.

“டேய் பாபு! யாருடா அவுட்டு? நாங்க அட்ச்சது சிக்ஸுடா!”

“ரூலு கீதுப்பா...”

“இன்னாடா ரூலு?” அந்தோணியும் எழுந்துவிட்டார். “ரூலு கீலுன்னு டபாய்க்கிறியா? ஏன் மச்சான், அப்படி எதுனா பேசினோமா நாம?”

மச்சான்! ஷெரின் கண்ணைத் திறந்தாள்.

“எங்கடா பேசினோம்? சொம்மா புளுவறான்டா!” என்றபடி ஞானப்பிரகாசம் சோபாவுக்கு வந்தார். கேமராவில் முகம் விழ வேண்டுமே. அந்தோணியை இடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு முகங்களும் ஒரே சட்டத்துக்குள் வந்தன. “அன்னிக்கே இவனை ஒரு வழி பண்ணியிருக்கணும் மச்சான். நாமதான் உட்டுட்டோம்.”

“கப்பத் திருடிட்டு, அதுல சீப்பு வெச்சுகீறான் பாரு!”

“சீப்பு எதுக்குடா உனுக்கு? மண்டைல இன்னா கீது?”

பூந்தமல்லியிலிருந்தும் பதிலடி வந்தது. அவற்றை இங்கே அச்சில் ஏற்ற முடியாது. ஆசிரியர் வெட்டிவிடுவார். என் மனைவி எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாள். ஒரு வழியாக அந்தப் பக்கம் நெட்வொர்க் செத்துப்போய்த் திரை உறைந்தது. உறைந்த காதைப் பார்த்தும் இருவரும் கொஞ்ச நேரம் திட்டினார்கள்.

பிறகு அந்தோணி என் பக்கம் திரும்பினார். “எழுது சார். நல்லா எழுது. ஆவடிக்காரன் ஏமாத்திக் கப்ப எட்த்துக்கினான். சிக்ஸு அட்ச்சது நாங்க!”

என் வாய் சும்மா இருக்குமா? “நாங்கன்னா... ரெண்டு பேர்ல யாருன்னு போடட்டும்ணே?”

இருவரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

“இன்னா சார் நீ?” என்றார் ஞானப்பிரகாசம். “அதான் சொல்றோம்ல, நாங்கன்னு!”

ஜெரோம் பின்னாலிருந்து என் தோளை அழுத்தினான். “அங்கிள், ப்ளீஸ். இதுக்கு மேல ஒரு கேள்விகூடக் கேக்காதீங்க.”

கேட்கவில்லை. நான் திருந்திவிட்டேன்.

நிச்சயதார்த்தம் குறித்த நாளில் நடந்தது. கேக் வெட்டினார்கள். இரண்டு அப்பாக்களும் கோயரோடு சேர்ந்து பாடினார்கள்; ஒருவர் மூச்சு வாங்கும்போது மற்றவர் பிடித்துக்கொண்டார். புல்லட் பாபுவும் வந்திருந்தார். போனில் சண்டை போட்டது திருப்தியாக இல்லையாம். இடுப்பைப் பிடித்துக்கொண்டே ஆட்டோவில் வந்து இறங்கினார். அவருக்கும் ஒரு முழு முகம் இருந்ததை அன்றுதான் பார்த்தேன்.

“கப்பைக் கொண்டு வரலையா சார்?” என்று கேட்டேன்.

“கொண்டாந்தா இவனுங்க திருப்பிக் குடுப்பானுங்களா?”

பிரியாணி அண்டா பக்கத்தில் மூவரும் நின்றார்கள். கரண்டியை மட்டையாக வைத்து ஞானப்பிரகாசம் சுழற்றிக் காட்டினார். அந்தோணி ரயிலாக நடித்தார். பாபு கையை ஆட்டி “அவுட்டு, அவுட்டு” என்றார். பரிமாறுகிறவர் கரண்டியைத் திரும்ப வாங்கப் பட்ட பாடு பெரிய பாடு. ஜெரோமும் ஷெரினும் மேடையில் மாலையோடு நின்றபடி அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் பெண் மாப்பிள்ளையை விட்டுவிட்டு அண்டா பக்கம்தான் வீடியோ எடுத்தார்கள்.

அத்தியாயத்தை முடித்துவிட்டேன். “பந்தை அடித்தவர்கள் அண்ணனூர்க்காரர்கள். ஆட்டத்தை வென்றவர்கள் யார் என்பதில் ஆவடிக்காரர்களுக்கு வேறு கருத்து உண்டு” என்று எழுதியிருக்கிறேன். இதைவிட நேர்மையாகவும் கோழைத்தனமாகவும் ஒரு வாக்கியம் எழுத என்னால் முடியாது. மூவருக்கும் வாசித்துக் காட்டினேன். ஒவ்வொருவரும் தனக்குத்தான் சாதகமாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்டார்.

பதிப்பாளர் விடவில்லை. “சார், சூடு ஆறறதுக்குள்ள அடுத்தது போடுங்க. ஆவடியில முதல்ல பிரியாணிக் கடை போட்டது யாரு... இந்த மாதிரி எதாவது?”

பிரியாணியா? ஆளை விடுங்கள். நான் இப்போது உட்கார்ந்திருப்பது, அந்தக் காலத்துக் கல்லறைத் தோட்டத்தைப் பற்றிய அத்தியாயத்தில். அமைதியான இடம். அங்கே இருப்பவர்கள் யாரும் வாட்ஸ்அப்பில் இல்லை என்று மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன்.

“வாரிசுங்க இருக்காங்களே” என்றாள்.